ஏழாம் கிண்ணம்

முள் ஏறவில்லை. ஏறவில்லைதானே? ஆவுடைச்செல்வி ஸ்டூலிலிருந்து எழுந்து, பிரஷர் கேஜின் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். காலையில் எங்கே இருந்ததோ அங்கேயேதான் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஆனால் இந்த முள்ளை நம்பவே கூடாது. போன தடவையும் இப்படித்தான் சாதுவாக இருந்தது, மதியச் சாப்பாட்டுக்குப் போய்க் கை கழுவிவிட்டு வருவதற்குள் கிடுகிடுவென்று ஏறி, உள்ளே எல்லாம் கட்டிக் கரியாகிவிட்டது. அதனால்தான் இன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவை இங்கேயே கொண்டுவந்து மேசைமேல் திறக்காமல் வைத்திருக்கிறாள். லேபுக்குள் சாப்பிடக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறது, ஒட்டினதே அவள்தான். சாப்பிடவில்லையே, சும்மா வைத்திருக்கத்தானே செய்கிறேன் என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டாள். எதிரே ரியாக்டர் என்று பெரிய பெயரை வைத்துக்கொண்டு நிற்பது ஒரு எஃகுக் குழாய், அவ்வளவுதான். மேலிருந்து கருவேல எண்ணெயும் ஹைட்ரஜனும் இறங்குகின்றன, நடுவில் அவள் செய்த வினையூக்கி குருணை குருணையாக நிற்கிறது, கீழே கண்ணாடிப் பாட்டிலில் சொட்டுச் சொட்டாக விழுகிறது. வினையூக்கி ஒழுங்காக வேலை பார்த்தால் எண்ணெய்க்குள் இருக்கிற ஆக்ஸிஜன் தண்ணீராகக் கழன்று, வண்டிக்கு ஊற்றுகிற மாதிரி எண்ணெய் தனியாக வந்து நிற்கும். பார்க்காவிட்டால் குருணையெல்லாம் கரி பிடித்து, குழாய் அடைத்துக்கொண்டு, முள் ஏறும். எம்.டெக். படித்து, பி.எச்டி.க்குப் பதிந்து, இத்தனை வருஷம் ஓடினதெல்லாம் கடைசியில் ஒரு முள் ஏறுமா ஏறாதா என்பதில் வந்து நிற்கிறதே என்று எரிச்சலாக வந்தது. மறுபடியும் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தால் கால் ஆடுகிறது. காலை நிறுத்தினால் கை போய்ப் பின்னல் நுனியைத் திருகுகிறது. பின்னலில் அந்த வாசனை. சீமைக்கருவேல மரத்தைக் காற்றுப் படாமல் மூடி, அதே கருவேல விறகு எரிகிற லேப் அடுப்பில் சூடாக்கினால் வருகிற கறுப்புத் திரவத்தின் வாசனை, புகையும் புளிப்பும் சேர்ந்தது, எத்தனை சீயக்காய் போட்டாலும் போகாதது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் ஒருத்தி முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, உங்க வீட்ல இன்னும் விறகடுப்பா, கேஸ் வாங்கலையா?" என்று பரிதாபப்பட்டாள். ஆமாங்க என்று சொல்லிவிட்டாள் ஆவுடை. வேறு என்னவென்று சொல்வது? முள்ளுக்காட்டையெல்லாம் வெட்டிப் பெட்ரோல் பண்ணுகிறேன், ஆனால் இன்னும் வரவில்லை என்றா? அந்த எண்ணெயோ லேசுப்பட்டதில்லை, தொட்டால் கை கறுக்கும், இரும்பை அரிக்கும், அப்படியே விட்டாலும் கெட்டியாகும், சூடாக்கினால் அல்வாப் பதத்துக்கு இறுகிவிடும். அதைத் திருத்தி நல்வழிக்குக் கொண்டுவருவதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வீட்டுக்காரர் கேலி பண்ணுவார், "ஊர்ல எத்தனையோ பேர் சொகுசா வேலை பாக்காங்க, நீ போயும் போயும் கருவேல முள்ளைத் திருத்தப் புறப்பட்ட பாரு." கேலிதான், வருத்தப்பட்டுச் சொல்வதில்லை. ஆனாலும் அவர் சிரித்து முடித்தபிறகு ஒரு சின்ன மௌனம் வரும், அந்த மௌனத்தில் எப்போம்மா முடியும் என்கிற கேள்வி இருக்கும், அவர் கேட்க மாட்டார், இவளும் சொல்ல மாட்டாள், இரண்டு பேரும் டி.வி.யைப் பார்ப்பார்கள்.

கம்ப்ரஸர் டக்கென்று நின்றது. பாதி எழுந்துவிட்டாள். இல்லை, அது தானாக நிற்கும், தானாக ஓடும், தெரிந்த சங்கதிதானே. முள்ளைப் பார்த்தாள். அங்கேயேதான். ஏழாவது கிண்ணத்துக்கும் இப்படித்தான், அன்றைக்குச் சாயங்காலம்வரை அசையவே இல்லை, மறுநாளும் அசையவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. ஒவ்வொரு தடவை வினையூக்கி செய்யும்போதும் ஒரு பீங்கான் கிண்ணத்தில் வைத்து ஃபர்னஸில் சுட்டு எடுப்பார்கள், கிண்ணத்துக்கு ஒரு நம்பர், அப்படி ஏழாவது. அதில் வந்த எண்ணெயைப் பார்த்து அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. இளமஞ்சளாக, தெளிவாக, அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது. கரியே பிடிக்கவில்லை. பேராசிரியர் அறிவுடைநம்பி, அவளுடைய கைடு, பாட்டிலை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ம், இருக்கட்டும்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் ஒரு நல்ல வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. அவருடைய பெரிய பாராட்டே அதுதான், ம், இருக்கட்டும். அப்பா இருந்திருந்தால் தெருவெல்லாம் சொல்லியிருப்பார் என்று அன்றைக்கு பாத்ரூமில் போய் நின்று கொஞ்சம் அழுதாள், சந்தோஷத்தில்தான். கட்டுரை எழுதினார்கள், வெளிநாட்டு ஆராய்ச்சி இதழில் வந்தது, அவள் பெயர் முதலில், சார் பெயர் கடைசியில். அதற்கப்புறம் எட்டாவது கிண்ணம் அடைத்தது. ஒன்பது அடைத்தது. அதே நிக்கல், அதே அலுமினா, அதே சூடு, அதே கை. எல்லாம் அதேதான், ஆனால் ஏழு மட்டும் திரும்பி வரவே இல்லை.

தினமும் காலையில் சார் லேபுக்குள் தலையை நீட்டுவார். "திரும்ப வந்துச்சாம்மா?" கோபமே இருக்காது குரலில், அதுதான் கொடுமை. கத்தினால்கூடத் தேவலை. கட்டுரையில் சொன்னது திரும்ப வராவிட்டால் அதைத் திரும்பப் பெற வேண்டும், அவளுடைய ஆய்வேட்டில் நடு அத்தியாயம் போய்விடும், நடு போனால் முன்னும் பின்னும் என்ன இருக்கிறது? இந்த வருஷத்தோடு சார் ஓய்வு பெறுகிறார். கடைசியாகப் போட்ட கட்டுரை பொய்யாகப் போனதென்று ஒரு பெயரோடு அவர் வீட்டுக்குப் போக வேண்டும், அது அவளால். இது போதாதென்று பிரேசிலிலிருந்து ஒரு பெண் மின்னஞ்சல் அனுப்பினாள். நானும் உங்களைப் போல ஆராய்ச்சி மாணவிதான், உங்கள் கட்டுரையில் உள்ளபடியே பலமுறை செய்து பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் அடைத்துக்கொள்கிறது, தவறு என்னிடம்தான் இருக்க வேண்டும், நீங்கள் எழுதாமல் விட்ட சின்ன விஷயம் ஏதாவது உண்டா? மரியாதையாக, குழைவாகக் கேட்டிருந்தாள். தவறு என்னிடம்தான் இருக்க வேண்டும்! அந்த வரி முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. எங்கேயோ ஒரு ஊரில் ஒரு பெண் கரி பிடித்த குழாயைச் சுரண்டிக்கொண்டு, தனக்குத்தான் கை வரவில்லை என்று நினைத்து, தலையெல்லாம் புகை நாற்றத்தோடு பஸ் ஏறிக்கொண்டிருக்கிறாள். ஆவுடை பதில் போடவில்லை. என்ன போடுவது? ஏழாவது கிண்ணத்தில் மிச்சம் இருந்த ஒரு சிட்டிகையைச் சோதனைக்கு அனுப்பினதில் கால்சியமும் பொட்டாசியமும் கொஞ்சம் இருக்கிறதென்று வந்தது. அவள் போடாத பொருள்கள். சார் பார்த்துவிட்டு, "கிண்ணத்தைச் சரியாக் கழுவலைம்மா நீ" என்றார். அவளும் ஆமாம் சார் என்றாள். கழுவாத கிண்ணத்தில் அழுக்கு இருக்கும் என்று அதோடு விட்டுவிட்டாள், மடச்சி.

எழுந்தாள். பார்த்தாள். முள் ஏறவில்லை. உட்கார்ந்தாள். இன்னும் மதிய வெயில் ஜன்னலில் பாதிதான் இறங்கியிருக்கிறது, அதற்குள் என்ன அவசரம் உனக்கு என்று தன்னையே வைதாள். அழுக்கு என்றதும் மாமனார் ஞாபகம் வந்து, இவ்வளவு நடுக்கத்திலும் சிரிப்பு வந்தது. பாவம், அவரை அழுக்கு என்றா நினைத்தாள்? இல்லை, அந்த ரசம். காலையில் குளித்ததும் நெற்றி நிறைய விபூதியைக் குழைத்து மூன்று பட்டை போட்டுக்கொள்வார், மத்தியானம் வரைக்கும் அது காய்ந்து வெடித்துக் களிமண் தரை மாதிரி நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சூடாக ரசம் ஊற்றிப் பிசைந்து, குனிந்து சாப்பிடுகிறார், வேர்க்கிறது, நெற்றியிலிருந்து ஒரு செதில் கழன்று நேரே ரசத்துக்குள் விழுந்தது. அவர் கவனிக்கவே இல்லை, அப்படியே பிசைந்து உறிஞ்சிவிட்டார். ஆவுடை கரண்டியைக் கையில் பிடித்தபடி சிலை மாதிரி நின்றாள். "என்னம்மா, அப்படிப் பாக்கே? உப்புக் கூடிருச்சோ?" என்றார் மாமனார். "இல்ல மாமா, ஒண்ணுமில்ல, சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். விபூதி என்றால் சாம்பல், சாம்பலில்தானே கால்சியமும் பொட்டாசியமும். ஏழாவது கிண்ணம் ஃபர்னஸுக்குள் இருந்தது ஆயுத பூஜை அன்றைக்கு. அன்றைக்குத்தான். கடவுளே, அன்றைக்குத்தான்.

அந்தப் பூஜையே திருட்டுப் பூஜை. சார் பரம்பரையாகப் பகுத்தறிவுக் குடும்பம், அவர் பெயரிலேயே தெரிகிறது. லேபுக்குள் சாமி படம் கூடாது, எலுமிச்சம்பழம் கூடாது, மெஷினுக்குப் பொட்டு வைக்கிற வேலையெல்லாம் கூடவே கூடாது. "ஃபர்னஸுக்கு வேணுங்கிறது சர்வீஸ், பூஜை இல்ல" என்பார். அந்த வருஷம் ஏதோ கூட்டத்துக்கு அவர் டெல்லி போயிருந்தார். தண்டபாணிதான் ஆரம்பித்தான். இவளுக்கு ஜூனியர், பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன், பக்தி கொஞ்சம் ஜாஸ்தி. ஒன்று மாற்றி ஒன்று அடைத்துக்கொண்டிருந்ததில் அவனும் நொந்துபோயிருந்தான். "அக்கா, சார் வர்றதுக்குள்ள சின்னதா ஒரு பூஜை போட்டுரலாங்க. மெஷினும் ஒரு உசிருதானுங்க" என்றான். போடா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அவளுக்கும் ஆசையாக இருந்தது. ஏழாவது கிண்ணத்தை உள்ளே வைத்தாயிற்று, பூஜை நாளில் கருவிகளுக்கு ஓய்வு, மறுநாள் காலையில் சூடேற்றலாம் என்று ஏற்பாடு. பொரியும் கடலையும் வைத்தார்கள். சிலிண்டருக்கெல்லாம் சந்தனம், அதைச் சார் வருவதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். ஃபர்னஸின் பெயின்ட் மட்டும் பழசு, வெள்ளையாக எதைப் பூசினாலும் தடம் நின்றுவிடும், சார் கண்ணுக்குத் தப்பாது. அதனால் அந்தப் புத்திசாலி கதவைத் திறந்து உள்பக்கம், வாய்க்கு மேலே, கூரையில் மூன்று பட்டை குழைத்துப் பூசினான். நேர்க் கீழே கிண்ணம். கதவைச் சாத்தினார்கள். ஆவுடை கண்ணை மூடிக்கொண்டு, எந்தச் சாமி என்றுகூடத் தெரியாமல், இது மட்டும் அடைக்காமல் இருக்கட்டும் என்று கும்பிட்டாள். மறுநாள் சூடேறினபோது அந்தப் பட்டை காய்ந்து, வெடித்து, உதிர்ந்து, கிண்ணத்தில் விழாமல் வேறெங்கே போயிருக்கும்? சார் பூஜை கூடாதென்று சொல்லாமல் இருந்தால் வெளியேதான் பூசியிருப்பார்கள். வெளியே பூசியிருந்தால் ஏழாவது கிண்ணமும் மற்றதைப் போல அடைத்துத் தொலைத்திருக்கும். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

சொன்னால் என்ன ஆகும் என்று அந்த ராத்திரி பூராவும் புரண்டாள். விபூதியால் எண்ணெய் சுத்தமாகிறது! போதுமே, மறுநாளே ஊர் பூராவும் போன் போனாகப் போகும், நம் முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை என்று தலைப்புப் போட்டு. சாரின் பெயரும் அதில் வரும். வாழ்க்கை பூராவும் எதற்கு எதிராகப் பேசினாரோ அதற்கே சாட்சியாக அவரைக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். மனிதர் தாங்குவாரா? இருந்தாலும் செய்து பார்க்காமல் இருக்க முடியுமா? போன வாரம் கடையில் விபூதிப் பாக்கெட் வாங்கி, கைப்பையில் ஒளித்து எடுத்துவந்து, ஒரு சிட்டிகை கலந்து சுட்டாள். அந்தக் கிண்ணம் மற்ற எல்லாவற்றையும்விட மோசமாக அடைத்தது. வாசனைப் பொடியா, சுண்ணாம்பு மாவா, கந்தகமா, அந்தப் பாக்கெட்டில் என்ன கண்றாவி இருந்ததோ, நிக்கல் செத்தே போனது. அப்போதுதான் நிஜமாகவே பயந்தாள். இதுவும் இல்லையென்றால் ஏழு வெறும் அதிர்ஷ்டம், அதிர்ஷ்டத்துக்குக் கட்டுரை எழுதியிருக்கிறோம். தண்டபாணிக்குப் போன் போட்டாள். அவன் ஆராய்ச்சியே வேண்டாமென்று விட்டுவிட்டு ஓசூரில் பெயின்ட் கம்பெனியில் இருக்கிறான், கல்யாணமாகிவிட்டது, குரலில் தொப்பை தெரிந்தது. "டேய், அன்னிக்கு ஆயுத பூஜைக்கு எந்தக் கடை விபூதிடா வாங்கின?" அந்தப் பக்கம் ஏதோ டப்பாவை மூடுகிற சத்தம். "தண்டபாணி?" "அக்கா, இத்தனை நாளு கழிச்சு எதுக்குங்க அது?" "சொல்லுடா, உயிர் போகுது." "கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு விபூதி இல்லீங்கக்கா. ஊர்ல இருந்து கொண்டாந்தது ஹாஸ்டல்லயே கெடந்துச்சு, திரும்பிப் போக மழை விடல. அதனால நம்ம கருவேல அடுப்புல வெள்ளையாக் கெடந்த சாம்பலைச் சலிச்சு, தண்ணி விட்டுக் கொழைச்சுட்டேனுங்க. எல்லாம் சாம்பல்தானுங்களே." "அடப்பாவி! ஏன்டா அப்பவே சொல்லல?" "நீங்க கண்ணை மூடிக் கும்பிட்டீங்களே அக்கா. அதுக்குமேல எப்படிங்க சொல்றது?"

சிரித்தாளா அழுதாளா என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. கருவேல மரத்துச் சாம்பல்! லேபுக்குப் பின்னால் மண்வெட்டியால் அள்ளி அள்ளிக் கொட்டுகிற சாம்பல். அன்றைக்கு அதை அவள் நெற்றியிலும் அல்லவா இட்டுக்கொண்டாள். உடனே ஓடிப்போய் ஒரு கை அள்ளி, சலித்து, சிட்டிகை எடுத்துக் கலந்து, சுட்டு, இதோ குழாய்க்குள் நிற்கிறது. அதனால்தான் இந்த முள். ஆனால் முள் ஏறிவிடுமோ என்கிற பயம் மட்டும் இருந்தால் நிம்மதியாக நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாமே. காலையிலிருந்து அதற்குப் பின்னால் இன்னொன்று வந்து நிற்கிறது, அதை நேரே பார்க்க அவளுக்கு வெட்கம். முள் ஏறாவிட்டால் என்ன சொல்வது? விபூதி என்று சொல்ல வேண்டியதில்லை, அந்தச் சங்கடம் தீர்ந்தது. பூஜையை எதற்கு இழுக்க வேண்டும்? மரத்தின் சாம்பலையே மரத்தின் எண்ணெய்க்குக் கொடுத்துப் பார்த்தேன் சார் என்று சொன்னால் போதும். எவ்வளவு அழகாக இருக்கிறது அந்த வாக்கியம்! குப்பையில் கொட்டுவதே மருந்தென்று ஒருத்திக்குத் தோன்றியிருக்கிறது என்றால் அவள் எப்பேர்ப்பட்ட மூளைக்காரி. சொல்லிப் பார்த்தாள், உதடு அசையாமல். மரத்தின் சாம்பலையே சார். தண்டபாணி ஓசூரில் பெயின்ட் கலக்கிக்கொண்டிருக்கிறான், அவன் என்ன, கேட்கவா போகிறான்? ஏழாவது கிண்ணத்தில் சாம்பல் எப்படி வந்தது என்று கேட்டால், கழுவாத கிண்ணம், அதைப் பார்த்துத்தான் யோசித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதில் பொய்கூட ரொம்ப இல்லை. ரொம்ப இல்லையா? அடியே, முழுசும் பொய்தானே. ஆனால் இத்தனை வருஷத்தில் இவளுடையது என்று எது இருக்கிறது? நிக்கல் யாரோ சொன்னது, அலுமினா சார் சொன்னது, அளவு பழைய கட்டுரைகளில் இருந்தது. ஒரே ஒரு யோசனை தன்னுடையதென்று வேண்டும். ஒன்றே ஒன்று. கேட்டால் குற்றமா?

அப்போது முள் அசைந்தது. நிஜமாகவே அசைந்தது. ஆவுடை பாய்ந்து போய் நின்றாள். ஒரு மயிரிழை ஏறி, நின்று, நடுங்கியது. வேண்டாம், வேண்டாம்டீ, நான் உண்மையையே சொல்லிவிடுகிறேன், பூஜை, பொரி, கடலை எல்லாம் சொல்லிவிடுகிறேன், ஏறாதே என்று முள்ளிடம் கெஞ்சினாள். யாரிடம் பேரம் பேசுகிறோம் என்று அவளுக்கே அசிங்கமாக இருந்தது. நடுக்கம் அடங்கி முள் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. ஹைட்ரஜன் சிலிண்டரில் அழுத்தம் கொஞ்சம் தளும்பியிருக்கிறது, வேறொன்றுமில்லை. தளும்பல் அடங்கினதும் வாக்குக் கொடுத்ததும் அடங்கிவிட்டது, பார்த்தீர்களா மனசை! மரத்தின் சாம்பலையே சார் என்று மறுபடி ஆரம்பித்தது. குனிந்து கீழே பாட்டிலைப் பார்த்தாள். பார்க்கக் கூடாது, முள் தாண்டட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று காலையிலிருந்து கண்ணைத் திருப்பியே வைத்திருந்தாள். இளமஞ்சள். மேலே தெளிவாக, பின்னால் இருக்கிற மேசையின் கீறல் தெரிகிற அளவுக்குத் தெளிவாக. அடியில் தண்ணீர், நடுவில் கத்தியால் அறுத்தது போல ஒரு கோடு. ஏழுதான். ஏழேதான் வந்துவிட்டது. ஜன்னல் வெயில் தரையை விட்டுச் சுவரில் ஏறியிருந்தது, வழக்கமாக அடைக்கிற நேரமெல்லாம் எப்போதோ போய்விட்டது, அவள்தான் கவனிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டாள். சந்தோஷம், அப்படி ஒரு சந்தோஷம். கூடவே பயம், இனிமேல் சொல்ல வேண்டுமே.

செருப்புச் சத்தம். சார் நடப்பது எப்போதும் இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான். கதவில் தலை வந்தது.

"என்னம்மா, கீழ உக்காந்திருக்க? தலை சுத்துதா?"

"இல்ல சார்." எழுந்தாள். "முள் ஏறல சார்."

அவர் உள்ளே வந்தார். கேஜைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். குழாய்க்குக் கீழே காலிப் பாட்டில் ஒன்றை மாற்றி வைத்துவிட்டு, எண்ணெய் விழுந்த பாட்டிலை எடுத்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மஞ்சள் வெளிச்சம் அவர் கன்னத்தில் விழுந்தது. சுருக்கமெல்லாம் தெரிந்தது, வயசாகிவிட்டது மனிதருக்கு என்று அவளுக்குத் திடீரென்று பட்டது.

"என்ன போட்ட?"

"சாம்பல் சார். நம்ம கருவேல அடுப்புச் சாம்பல். ஒரு சிட்டிகை."

"சாம்பலா?" என்றார். பிறகு தனக்குள் முணுமுணுக்க ஆரம்பித்தார். "பொட்டாசியம்... கால்சியம்... அமிலம் தூக்கலா இருக்கிற இடத்துலதானே கரி பிடிக்கும். அங்க போய் இது உக்காந்துக்கும். கரிக்கு இடமில்ல. அட! நிக்கலைத் தொடாது, சிட்டிகைதானே. அட, அட!" அவர் திரும்பினபோது முகம் அவள் பார்த்தேயிராத முகமாக இருந்தது, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. "பின்னாடி குப்பையில கொட்டுறோம் ஆவுடை, வருஷக்கணக்கா கொட்டுறோம்! எனக்குத் தோணலையேம்மா. இத்தனை நாள் இதுக்குள்ளயே கிடந்தேன், எனக்குத் தோணவே இல்லையே. உனக்கு எப்படித் தோணிச்சு?"

ம், இருக்கட்டும் இல்லை. எனக்குத் தோணலையே என்கிறார். அறிவுடைநம்பி, அவளைப் பார்த்து. அந்த வார்த்தை அவள் காதில் விழுந்து, கழுத்து வழியாக இறங்கி, எங்கெங்கேயோ காய்ந்து கிடந்த இடமெல்லாம் போய் நனைத்தது. இருக்கட்டுமே, இது என்னிடமே இருக்கட்டுமே. யாருக்கு நஷ்டம்? பிரேசில்காரிக்குச் சாம்பல் என்று எழுதிவிடலாம், அவள் குழாயும் அடைக்காது, அவளும் தலை குளித்துவிட்டு வீட்டுக்குப் போவாள். சார் நிம்மதியாக ஓய்வு பெறுவார். மரத்தின் சாம்பலையே சார் என்று மட்டும் சொன்னால் போதும், வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருக்கிறது. அவர் காத்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் அவ்வளவு நம்பிக்கை இருந்தது, அவள் என்ன சொன்னாலும் அப்படியே எழுதிக்கொள்வார். எப்படித் தோணிச்சு என்று அவர் மரியாதைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். அதுதான் அவளைப் போட்டுப் பிசைந்தது. தவறு என்னிடம்தான் இருக்க வேண்டும் என்று எழுதினவளும் நிஜமாகத்தானே கேட்டாள். கம்ப்ரஸர் நின்று, ஓடி, நின்றது.

"தோணல சார்," என்றாள் ஆவுடை. "நீங்க டெல்லி போயிருந்தப்ப தண்டபாணியும் நானும் இங்க ஆயுத பூஜை போட்டோம்."

"இங்கயா?"

"இங்கதான் சார். வெளிய பூசினா நீங்க பாத்துடுவீங்கன்னு ஃபர்னஸ் வாய்க்கு உள்ள பட்டை போட்டோம். விபூதிக்குப் பதிலா அவன் இந்தச் சாம்பலைக் கொழைச்சுட்டான். அது எனக்கே போன வாரம்தான் தெரியும். ஏழாவது கிண்ணம் அப்ப உள்ள இருந்துச்சு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் முகத்திலிருந்த பிள்ளை இறங்கிப் போனது. அவளுக்குக் கிடைத்தது அவள் கண்ணெதிரேயே போய்க்கொண்டிருந்தது, வலித்தது. சார் ஃபர்னஸைத் திரும்பிப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைக்கவில்லை. இன்னொரு கையால் அவளுடைய ஸ்டூலை இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டார்.

"உள்ள பூசினீங்க," என்றார். "சரி, அப்புறம்?"